இடது கை

கீழ்வரிசை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தியது.
பாயான் லெப்பாஸ் ஆலையில் இரவு வேலை எனக்கு.
நுண்ணோக்கிக்குக் கீழே
தலைமயிரைவிட மெல்லிய கம்பிகளில்
விரிசல் தேடுகிறவள்.
என் வாய்க்குள் இருக்கும் ஓட்டையை
நான் பார்த்ததே இல்லை.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இந்த வாரத்த ஓட்டிரு, தவமலர்"
என்றார் லைன் லீடர் சற்குணம்.
கடிக்கத்தான் முடியவில்லை என்பதை
அவருக்கு எப்படிச் சொல்வது.

முதலில் பேரங்காடியின் மூன்றாம் மாடி.
கண்ணாடிக் கதவு, மீன்தொட்டி, செரைப்புல் வாசனை.
மருத்துவரைப் பார்க்கும் முன்பே
விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டேன்:
வெளுக்க இவ்வளவு, நிமிர்த்த இவ்வளவு,
பன்னிரண்டு மாதத் தவணை, வட்டி இல்லை.
திரையில் என் தாடை
வேறு யாருடையதோ போல் சாம்பல் நிறத்தில் தொங்கியது.
"நாலு இடத்துல வேலை இருக்கு."
ஒன்றுதான் வலிக்கிறது என்றேன்.
"மத்த மூணும் வலிக்கப் போகுது."
மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி.
தொட்டியில் மீன்கள்
வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.
யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் சில்லறைதான்.
அறுபத்து நான்காம் எண்.
நாற்பத்தொன்றில் எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.
குறை சொல்ல மனமில்லை.

பிறகு நாத்தனார் சொன்ன "நம்ம ஆளு".
பெர்ரி ஏறி பட்டர்வொர்த் போனேன்.
வாய் நிறையப் பஞ்சும் குழாயும் திணித்துவிட்டு
மாமனாருக்கு எந்த ஊர் என்று விசாரித்தார்.
ஆ என்றேன். அப்படியா, என்றார்.
"வலிச்சா இடது கையத் தூக்குங்கம்மா."
தூக்கினேன்.
"இதோ முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு"
என்று துளைத்துக்கொண்டே இருந்தார்.
நிற்காமல் போகும் பஸ்ஸுக்கு நீட்டியதுபோல
என் கை அந்தரத்தில் நின்றது.
அவர் அடைத்த சிமெண்டு
பதினோராம் நாள் ரொட்டியோடு போயிற்று.

ஜெலுத்தோங்கில் டயர் கடைக்கு மேலே
செங்குத்தான படிக்கட்டு. செருப்பை வெளியே விடவேண்டும்.
டாக்டர் கூ, என் வயதுதான் இருக்கும்,
வாயைத் திற என்று சொல்லவில்லை.
"சாகிட்டா, ஙிலுவா?" என்று கேட்டாள்.
வலியா, மற்றதா.
மற்றதற்குத் தமிழில் கூச்சம்.
பல்லுக்கும் அதுதான், எனக்கும் அதுதான்:
குளிர்ந்தது பட்டால்,
தெரியாதவர் கை பட்டால்,
இவ்வளவு ஆகுமா என்று கேட்க வாயெடுத்தால்.
ஙிலு, என்றேன்.

கைக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்தாள்.
விளக்கை என் பக்கம் திருப்பினாள்.
அங்கே இருந்தது,
மிளகு அளவு, கறுப்பாக.
இதற்கா ஒரு மாதம் தூங்காமல் கிடந்தேன்.
அட்டையின் பின்பக்கம் பேனாவால் எழுதினாள்: 140.
"உள்ளே மோசமாக இருந்தால் நிறுத்திவிட்டு
உங்களைக் கேட்பேன். வலித்தால் இடது கை."

எல்லோரும் சொல்கிறார்கள்.

ஊசி போட்டு உதடு மரத்துப்போய்
இயந்திரம் சுழலத் தொடங்கியது.
வலிக்கவில்லை. கொஞ்சமும் இல்லை.
கையைத் தூக்கினேன்.

நின்றது.
கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.
மின்விசிறியில் ஏதோ இழை சிக்கியிருந்தது.
"சாகிட்?"
இல்லை என்று தலையாட்டினேன்.
ஏன் என்று கேட்கவில்லை அவள்.
கருவியை மடியில் வைத்துக்கொண்டு
என் கையையே பார்த்தபடி இருந்தாள்.
நானாக இறக்கும்வரை.

அன்றிரவு வேலையில்
தேநீர் வாயோரம் வழிந்து சட்டையில் சொட்ட
நூருல் சிரித்துக்கொண்டே கேட்டாள்,
அந்த கிளினிக் நல்லதா என்று.
பார்க்கிங் கிடையாது, படி ஏற மூச்சு வாங்கும்,
மீன் கிடையாது என்றேன்.
வலிக்காதபோது ஒருமுறை கையைத் தூக்கிப் பார்.

மேல்வரிசையிலும் ஒன்று இருக்கிறதாம்.
அவசரமில்லை, போனஸ் வந்தபின் வாருங்கள்
என்றிருக்கிறாள்.